நெல்லையில் பாட்டு கேட்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை மாற்றலில் வந்தவர்கள், விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள், பெங்களூரிலும் துபாயிலும் இருந்துகொண்டு ஊர்ச் சத்தத்துக்கு ஏங்குகிற நம்ம ஆட்கள் என்று பலரும் பல சமயம் கேட்டவை இவை. நெல்லை என்று நான் சொல்வது பழைய பெரிய ஜில்லாவை. 1986-ல் தூத்துக்குடி தனியாகப் போனது, 2019-ல் தென்காசி போனது. கலெக்டர் ஆபீஸுக்கு அது முக்கியம். வில்லுப்பாட்டுக்காரருக்கும் மேளக்காரருக்கும் இன்னும் எல்லாம் ஒரே சுற்றுவட்டாரம்தான்.

சென்னையில் மாதம் இரண்டு கச்சேரியாவது கேட்பேன். இங்கே வந்து மூன்று மாதம் ஆகிறது, ஒன்றும் கண்ணில் படவில்லை. இந்த ஊரில் பாட்டே கிடையாதா?

எந்த மாதம் வந்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வந்து இறங்கியிருந்தால் அவசரப்பட்டு ஊரைப் பற்றி முடிவு கட்ட வேண்டாம். சென்னையில் பாட்டுக்கு அரங்கு உண்டு, அரங்குக்கு விலாசம் உண்டு. இங்கே மாதமும் கிழமையும்தான் விலாசம்.

தை பிறக்கும் முன்பே திருச்செந்தூருக்குப் பாதயாத்திரைக் கூட்டம் கிளம்பிவிடும். ரோட்டில் வண்டி கட்டி, அதில் ஸ்பீக்கர் வைத்து முருகன் பாட்டோடு நடப்பார்கள். பங்குனி உத்திரத்துக்குப் பாதி நகரம் காலியாகிச் சாஸ்தா கோயில்களுக்குப் போய்விடும். சித்திரையில் தொடங்கி ஆவணி வரைக்கும் ஊர்த் தெய்வங்களுக்குக் கொடை. நடுவில் ஆனியில் நெல்லையப்பர் தேர். புரட்டாசியில் தசரா. டிசம்பரில் பாளையங்கோட்டைத் தெருக்களில் கேரல். மார்கழியில் பஜனை, அதே மாதம் ஆழ்வார்திருநகரிக்குப் போனால் அரையர் சேவை பார்க்கலாம். குல்லாய் வைத்த அரையர் கையில் தாளத்தோடு பாசுரம் பாடி அபிநயம் பிடிப்பார். திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று தமிழ்நாட்டில் வெகு சில கோயில்களில்தான் இது இன்னும் நடக்கிறது. இத்தனைக்கும் டிக்கெட் கிடையாது. அறிவிப்பும் அநேகமாகக் கிடையாது, அதுதான் சிக்கல்.

கொடை கொடை என்கிறார்களே, அது என்ன? வெளியாள் போகலாமா?

சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன், பேச்சியம்மன் மாதிரியான தெய்வங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கிற விழா. குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டுப் பணம் சேர்ப்பார்கள். முன்கூட்டியே கால்நாட்டு, அதாவது பந்தக்கால் நடுவது, நடக்கும். பெரும்பாலும் செவ்வாய் அல்லது வெள்ளியை ஒட்டித்தான் நாள் குறிப்பார்கள். முந்தின நாள் ராத்திரி சாமியை அழைக்கிற குடியழைப்பு, மறுநாள் மதியக்கொடை, அன்று நடுராத்திரி சாமக்கொடை. இந்த மூன்று வேளைக்கும் பாட்டும் மேளமும் மாறும். அதனால் ஒரு மணி நேரம் எட்டிப்பார்த்துவிட்டு வந்து “கேட்டேன்” என்று சொல்ல முடியாது.

தாராளமாகப் போகலாம். கிராமத்துக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. தச்சநல்லூர், பேட்டை, குறிச்சி, வண்ணார்பேட்டை என்று மாநகராட்சிக்கு உள்ளேயே எத்தனையோ கோயில் இருக்கிறது. சாயங்காலம் பைக்கில் போகும்போது தெரு முக்கில் சீரியல் செட் எரிந்தால், அதற்குக் கீழே வாழை மரம் கட்டியிருந்தால், டீக்கடையில் நிறுத்தி “அண்ணாச்சி, இங்கன என்னைக்கு கொடை, வில்லு உண்டா?” என்று கேளுங்கள். வில்லு யார், மகுடம் என்கிற மேளம் யார், எத்தனை மணிக்கு என்று முழு நிகழ்ச்சி நிரலும் வாயாலேயே வந்துவிடும். இரண்டாவது கேள்வி “சாப்பிட்டீங்களா?” என்று அவர்கள் கேட்பதாக இருக்கும்.

மூன்று விஷயம் மட்டும் பாருங்கள். செருப்பை வெகு தள்ளிக் கழற்றுங்கள். சாமியாடி வருகிற பாதையில் நிற்காதீர்கள். பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் போனை நீட்டாதீர்கள்.

வில்லுப்பாட்டில் என்ன கேட்க வேண்டும்? ஒரே மாதிரி இழுத்துக்கொண்டே போவதாகத் தோன்றுகிறது.

மைக்கில் வருகிற குரலை மட்டும் கேட்டால் அப்படித்தான் தோன்றும். கண்ணையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும்.

நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் நீளமான வில். வில்லின் உடம்பில் வரிசையாக மணிகள். அதன் நாணில் வீசுகோலால் அடிக்கும்போது நாண் அதிர, மணி குலுங்கும். அந்த வில்லை ஒரு மண் குடத்தின் கழுத்தோடு பிணைத்திருப்பார்கள். குடக்காரர் பத்தி என்கிற தட்டையான மட்டையால் குடத்தின் வாயில் அறைவார். உள்ளே அடைபட்ட காற்று ஒரு ‘பும்’ கொடுக்கும். மொத்தப் பாட்டுக்கும் அடித்தளம் அந்த ‘பும்’தான். பிறகு உடுக்கை, தாளம், கட்டை. இப்போது கீபோர்டும் ரிதம் பேடும் ஏறிவிட்டன. கீபோர்டு வந்ததில் எனக்குப் பெரிய புகார் இல்லை. குடத்துக்குத் தனி மைக் வைக்காத செட்டுகள் மேல்தான் கோபம்.

ஆட்கள் உட்காருவதிலும் முறை உண்டு. கதை சொல்லிப் பாடுகிறவர் அண்ணாவி. அவர் பக்கம் வலம், எதிர்ப்பக்கம் இடம். வலம் ஒரு வரி சொன்னால் இடம் “ஆமா” போடும், சில சமயம் கிண்டலும் பண்ணும். அந்த “ஆமா” எங்கே விழுகிறது, எப்போது விழாமல் நிற்கிறது என்று கவனியுங்கள். நல்ல இடத்துக்காரர் கதையின் வேகத்தை அண்ணாவிக்குத் தெரியாமலே பிடித்து வைத்துக்கொள்வார்.

ஒழுங்கு இப்படிப் போகும்: காப்பு, வருபொருள், குருவடி, அவையடக்கம், நாட்டு வளம், அப்புறம் கதை, கடைசியில் வாழி. முதல் முக்கால் மணி நேரம் கதை தொடங்காது என்பதால் புதியவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். போகாதீர்கள். கதை சூடேறித் தெய்வத்தை வரவழைக்கிற கட்டம் வரும். அதற்கு வரத்துப் பாடுவது என்று பேர். தாளம் இறுகும், குரல் ஒரே சுருதியில் நின்று முட்டும், கூட்டத்தில் யாராவது ஒருவருக்கு உடம்பு நடுங்கத் தொடங்கும். கச்சேரி பாஷையில் சொல்வதானால் அங்கே கேட்கிறவர் கைதட்டுவதில்லை, ஆடிவிடுகிறார்.

கதைகளில் ஒன்றே ஒன்று முன்கூட்டித் தெரிந்துகொண்டு போக வேண்டுமானால் முத்துப்பட்டன் கதை. பிராமணப் பிள்ளையான பட்டன், செருப்புத் தைக்கிற சமூகத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா மேல் ஆசைப்பட்டுத் தன் சாதியை விட்டு அவர்கள் தொழிலையே எடுத்து, மாமனாரின் மாடுகளைக் காக்கப்போய் உயிரை விடுகிறான். பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றும் பட்டவராயனாக அவனுக்குச் சன்னதி இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு அங்கே கூடுகிற கூட்டத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். இந்த மாதிரிக் கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்தவர் நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை.

டிவியில் சுப்பு ஆறுமுகம் ஐயா பண்ணியதும் இதுவும் ஒன்றா?

ஊர் ஒன்று. அவர் திருநெல்வேலிக்குப் பக்கத்துச் சத்திரம் புதுக்குளத்தில் 1928-ல் பிறந்தவர். 2021-ல் பத்மஸ்ரீ, 2022-ல் காலமானார். வில்லைக் கோயில் வாசலிலிருந்து எடுத்து மேடைக்கும் வானொலிக்கும் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர். காந்தி கதை, குடும்பக் கட்டுப்பாடு, சேமிப்பு என்று எதை வேண்டுமானாலும் வில்லில் சொல்லலாம் என்பது அந்த வழி. கேட்க இதமாக இருக்கும், இரண்டு மணி நேரத்தில் முடியும். கோயில் வில்லு விடிய விடிய நடக்கும், அதற்குக் கதை கேட்கிற ஆள் மனுஷர் மட்டும் இல்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் கோயில் பக்கம்தான் நிற்பேன்.

இன்னொன்று: அண்ணாவி என்றதும் மீசை வைத்த ஆம்பளையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இன்றைக்கு நெல்லை, குமரிப் பக்கம் வில்லுக்குத் தலைமை தாங்குகிறவர்களில் பெண்கள் நிறைய.

கணியான் கூத்தும் இதுதானா?

இல்லை. அதே கொடையில், பெரும்பாலும் சுடலை கோயிலில், வேறொரு மூலையில் நடக்கும். வில்லுக்காரர் உட்கார்ந்து பாடுவார், கணியான் நின்று பாடுவார். மகுடம் என்கிற வட்டத் தோல் கருவி இரண்டு. ஒன்று உச்சம், மற்றது மந்தம். ஓலையைக் கொளுத்தி அதில் தோலைக் காய்ச்சிச் சுருதி ஏற்றுவார்கள். அந்தப் புகை வாசனையைக் கண்டால் இன்னும் கொஞ்ச நேரத்தில் தொடங்கப்போகிறது என்று அர்த்தம். அண்ணாவி பாட, பெண் வேஷம் கட்டிய ஆண்கள் ஆடுவார்கள். மகுடத்தின் நடை வில்லைவிடப் பல மடங்கு முரட்டுத்தனமானது, நெஞ்சுக்கூட்டுக்குள் அடிக்கும். சாமக்கொடையில் கணியான் தன் கையைக் கீறி இரத்தம் கொடுக்கிற சடங்கும் உண்டு. பார்க்க முடியாதவர்கள் அந்த நேரம் பைய விலகி நின்றுகொள்ளலாம், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.

பெண் வேஷம் கட்டி ஆடுகிற கலைஞர்களை ஊர் எப்படி நடத்தியது என்பது பெரிய, வருத்தமான விஷயம். 2018-ல் வந்த ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் நாயகனின் அப்பாவாக நடித்த நெல்லை தங்கராஜ் நிஜத்திலும் அப்படி வேஷம் கட்டி ஆடிய கலைஞர்தான். அவரும் 2023-ல் போய்விட்டார்.

நாதஸ்வரம் கேட்க ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?

காருக்குறிச்சியிலிருந்து. சேரன்மகாதேவிப் பக்கம், மண்பானைக்குப் பேர் போன சின்ன ஊர். அங்கே 1921-ல் பிறந்த அருணாசலம், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவருடைய நாதஸ்வரம் போட்டி போட்ட ஆபேரிப் பாட்டைத் தெரியாத தமிழர் கிடையாது. இரண்டே வருஷத்தில், 1964-ல், நாற்பத்து மூன்று வயதில் இறந்துபோனார். அந்த ஒரு பாட்டோடு நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் என் குறை. அவருடைய கச்சேரிப் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. ராக ஆலாபனை நீளமாக உள்ள ஒன்றை எடுத்து, ஹெட்போன் இல்லாமல், ஜன்னலைத் திறந்து வைத்துக் கேளுங்கள். திறந்த வெளிக்காகப் பிறந்த வாத்தியம் அது, காதுக்குள் வைத்து அடைத்தால் எரிச்சல்தான் வரும்.

நேரில் கேட்க: கல்யாண வீட்டில் கெட்டிமேளத்துக்கு முன்னால் அரை மணி நேரம் யாரும் கவனிக்காமல் ஒருவர் நன்றாக வாசித்துக்கொண்டிருப்பார். காபி வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றுகொள்ளுங்கள். ஒரு ஆள் கேட்கிறான் என்று தெரிந்தால் வாசிப்பே மாறும்.

கொடையில் வருவது நையாண்டி மேளம். அதே நாதஸ்வரமும் தவிலும், கூடவே பம்பையும் தமுக்கும் சேர்ந்து கரகாட்டத்துக்கு வாசிப்பார்கள். இப்போது ஊர் ஊருக்குச் செண்டை மேளம் வந்துவிட்டது. இருபது பேர் ஒரே மாதிரி வேட்டியில் நின்று அடிப்பது வீடியோவுக்கு நன்றாக இருக்கிறது, வாஸ்தவம். அதற்காக நம்ம பம்பைக்காரருக்கு அட்வான்ஸ் குறைகிறது என்பதும் வாஸ்தவம்.

நெல்லையப்பர் கோயில் இசைத் தூணைத் தட்டினால் ச ரி க ம வருமாமே?

மணிமண்டபத்தில் ஒரே கல்லில் குடைந்த பெரிய தூணைச் சுற்றிச் சிறு தூண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு தடிமன் என்பதால் தட்டினால் வேறு வேறு ஒலி கொடுக்கும். நின்றசீர் நெடுமாறன் காலத்து வேலை என்பார்கள். தட்டாதீர்கள். ஊருக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தட்டு தட்டினால் கல் தாங்காது. அருகில் நின்று செதுக்கிய அழகைப் பாருங்கள், அது போதும்.

ஏட்டயபுரம், கழுகுமலை எல்லாம் போய்ப் பார்க்கத் தகுந்ததா?

எட்டயபுரம் என்று எழுதுங்கள், அங்குள்ளவர்கள் கோபிப்பார்கள். பாரதி பிறந்த ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் உயிர் விட்டதும் அங்கேதான், சமாதி இருக்கிறது. அதே ஊரிலிருந்துதான் சுப்பராம தீட்சிதர் 1904-ல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை வெளியிட்டார். கர்நாடக இசை படிக்கிறவர்கள் இன்றும் புரட்டுகிற புத்தகம்.

கழுகுமலைக்குப் போகும்போது காவடிச் சிந்தைக் காதில் போட்டுக்கொண்டு போங்கள். சங்கரன்கோவில் பக்கம் சென்னிகுளத்து அண்ணாமலை ரெட்டியார் எழுதியது. ஊற்றுமலை ஜமீன் இருதயாலய மருதப்பத் தேவர் ஆதரித்தார். காவடி தூக்கி நடக்கிறவன் கால்வைப்புதான் அந்தச் சந்தம். 1891-ல் அவர் இறந்தபோது வயது இருபத்தாறு. இப்போது திருச்செந்தூர் பாதயாத்திரை வண்டிகளில் கேட்கிற சினிமா மெட்டு முருகன் பாட்டிலும் அந்த நடை ஒளிந்திருக்கும், காது கொடுத்துப் பாருங்கள்.

சினிமாப் பாட்டு? எங்களுக்கு அதுதான் பாட்டு.

எங்களுக்கும்தான். இந்த ஊரில் சினிமாப் பாட்டின் தலைமை அரங்கம் பஸ். காலை ஏழு மணிக்கு ஏறினால் டி.எம்.எஸ்., சீர்காழி, சூலமங்கலம் சகோதரிகள். பத்து மணிக்கு மேல் எண்பதுகளின் இளையராஜா. சாயங்காலம் கல்லூரிப் பிள்ளைகள் ஏறினதும் தேவா அல்லது இப்போதைய குத்து. ராத்திரி கடைசி ட்ரிப்பில் மறுபடியும் ராஜா, சோகத்தில். எந்தக் கம்பெனியும் சொல்லிக்கொடுக்காமல் டிரைவரின் பென் டிரைவ் ஒவ்வொன்றும் இதே வரிசையில்தான் அமைகிறது. ஜங்ஷனில் ஏறி ஈரடுக்குப் பாலத்தின் மேல் தட்டில் போகும்போது நல்ல பாட்டு வாய்த்தால், டவுன் வரைக்கும் டிக்கெட் எடுத்ததற்கு வருத்தப்படமாட்டீர்கள்.

தெரியாத பாட்டு வந்தால் போனில் ஷாஜாமைத் திறக்காதீர்கள், இன்ஜின் சத்தத்தில் அது திணறும். கண்டக்டரிடம் கேளுங்கள். படம், வருஷம், எந்தத் தியேட்டரில் எத்தனை நாள் ஓடியது என்பது வரை சொல்லிவிடுவார்.

படமே பார்க்க வேண்டுமென்றால் பெரிய நாயகர் படம் வெளியாகிற முதல் நாள் ராம் முத்துராம் தியேட்டருக்குப் போங்கள். அங்கே ரசிகர்கள் ஆடுகிற ஆட்டம் வருஷா வருஷம் இணையத்தில் சுற்றும். அன்று வசனம் ஒன்றும் காதில் விழாது, படத்தை இன்னொரு நாள் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

எங்க அப்பா எப்பவும் இலங்கை வானொலி பற்றியே பேசுகிறார். அவ்வளவு பெரிய விஷயமா?

கடல் தாண்டினால் இலங்கை. சென்னை நிலையத்தைவிடக் கொழும்பு இங்கே தெளிவாகக் கேட்ட காலம் அது. கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது குரலில்தான் ஒரு தலைமுறை சினிமாப் பாட்டையே அறிந்தது. ‘பாட்டுக்குப் பாட்டு’ விளையாட்டு அங்கிருந்து இறங்கியதுதான். திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-ல் வந்தது. அதன் கிராமிய இசை நிகழ்ச்சிகளில்தான் வில்லுக்கும் மகுடத்துக்கும் ஊர் தாண்டிப் பேர் கிடைத்தது. அப்புறம் சூரியன் எஃப்எம், ஹலோ எஃப்எம் என்று வந்து, ‘ஏலே’ போட்டுப் பேசுவதே ஒரு தொழிலாகிவிட்டது.

அப்பாவிடம் ரெக்கார்டிங் சென்டர் பற்றியும் கேளுங்கள். ஒரு தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுத்தால் சி-60, சி-90 கேசட்டில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிஷத்துக்குள் அடக்க எந்தப் பாட்டை வெட்டுவது என்று வீட்டில் நடந்த சண்டைகளைக் கேட்டால், அவர் காலத்தில் பாட்டைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும். பரணில் அந்தக் கேசட் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஓரத்தில் அக்கம்பக்கத்துக் கொடையில் பதிந்த வில்லு ஏதாவது இருக்கலாம்.

பாளையங்கோட்டையில் இருக்கிறேன். சர்ச், பள்ளிவாசல் பக்கம் இசை?

ஞாயிற்றுக்கிழமை கதீட்ரல் பக்கம் போய்ப் பாருங்கள். ஊசிக்கோபுரம் என்றால் ஆட்டோக்காரர் கொண்டுவிடுவார். ஆர்கன் பின்னணியில் கர்நாடக ராகத்தில் கீர்த்தனை கேட்கும். திருநெல்வேலியில் 1774-ல் பிறந்து தஞ்சைக்குப் போன வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து வருகிற மரபு. டிசம்பரில் வாலிபர் சங்கம் வேனில் கிளம்பி வீடு வீடாகக் கேரல் பாடும். நடுராத்திரி கதவைத் தட்டினால் எரிச்சலோடு எழுந்து, சிரிப்போடு படுப்பீர்கள்.

இன்னொரு பெயர், பலருக்குத் தெரிவதில்லை: ஆபிரகாம் பண்டிதர். தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் 1859-ல் பிறந்தவர். தஞ்சாவூரில் சித்த மருந்து விற்ற பணத்தில் இசை மாநாடுகள் நடத்தி, 1917-ல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெருநூலைக் கொண்டுவந்தார். சுருதி இருபத்திரண்டு இல்லை, இருபத்துநான்கு என்று வாதிட்டு வித்வான்களோடு மோதியவர். அந்தக் கணக்கு சரியா தப்பா என்று இன்றும் சண்டை நடக்கிறது. ஆனால் அந்தப் புத்தகத்தைப் புரட்டாமல் தமிழிசை பற்றிப் பேச வழியில்லை.

பொட்டல்புதூர் தர்காவின் கந்தூரி விழாவுக்குச் சாதி மதம் பாராமல் சனம் போகும். தாயிரா என்கிற தோல் கருவியைத் தட்டிப் பாடுகிற பக்கீர்களைக் கண்டால் நின்று கேளுங்கள், வருஷத்துக்கு வருஷம் ஆள் குறைகிறது.

தசராவில் சினிமாப் பாட்டுக்கு ஆடுகிறார்கள். கொடையில் ஆர்க்கெஸ்ட்ரா. எல்லாம் கெட்டுப்போய்விட்டது என்று சொல்கிறார்களே?

சொல்கிறவர்கள் எப்போதும் சொல்வார்கள். குலசேகரப்பட்டினம் தசராவில் காளி, குறவன், போலீஸ் என்று வேஷம் கட்டிச் செட்டு செட்டாக வந்து ஆடுவதில் சினிமா நுழைந்து வெகு காலம் ஆகிறது. பாளையங்கோட்டை ஆயிரத்தம்மன் கோயில் தசராவில் சப்பரங்கள் வரிசையாக நிற்கும்போது ஒவ்வொன்றின் முன்னாலும் வேறு வேறு பாட்டு ஓடும். அந்தக் குழப்பத்தை ஊர்ப் பிள்ளைகள் குழப்பமாக நினைப்பதே இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மேடை, லைட், நடு நேரம் எல்லாம் கொடுத்துவிட்டு, வில்லுக்காரரைக் கோயில் மூலையில் ராத்திரி ஒரு மணிக்கு உட்கார வைக்கிறார்கள். வரி கொடுக்கிறவர்கள் கமிட்டியில் ஒரு வார்த்தை பேசினால் மாறக்கூடிய விஷயம்தான் இது.

கொளாய் ரேடியோ (கூம்பு ஒலிபெருக்கி) சத்தத்தில் தூங்க முடியவில்லை. என்ன செய்வது?

சட்டம் உங்கள் பக்கம். 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக நள்ளிரவு 12 வரை நீட்டிக்க அரசு அனுமதிக்கலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் கூடாது. குடியிருப்புப் பகுதியில் அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. முதலில் கோயில் ஆட்களிடம் நேரில் போய்ப் பேசுங்கள். வீட்டில் நோயாளி, பரீட்சை எழுதுகிற பிள்ளை என்றால் உங்கள் பக்கத்துக் கொளாயைத் திருப்பிக் கட்டிவிடுவார்கள். பேச்சுக்கு மசியாவிட்டால் 112.

ரசிகனாகவும் இதையே சொல்வேன். கூம்புக் குழாய் நடுத்தரச் சத்தத்தையும் கீச்சையும் மட்டும்தான் தூக்கி எறியும், கனமான ஒலி அதில் வராது. குடத்தின் ‘பும்’ முழுக்கச் செத்துப்போய் ஜால்ராவும் குரலும் மட்டும் காதைக் கிழிக்கும். பந்தலுக்குள் இரண்டு பாக்ஸ் வைத்தால் தெருவும் தூங்கும், பாட்டும் பிழைக்கும்.

வெளிநாட்டில் இருக்கிறேன். யூடியூபில் எப்படித் தேடுவது?

ஆங்கிலத்தில் அடிக்காதீர்கள். ஊர்ப் பேரும் ‘கொடை விழா’வும் சேர்த்துத் தமிழில் அடியுங்கள். பிறகு ‘வில்லிசை’, ‘மகுடம்’, ‘வரத்து’, ‘சாமக்கொடை’. ஊர் வீடியோக் கடைக்காரர்கள் ஏற்றிவைத்த மூன்று மணி நேர, நாலு மணி நேரப் பதிவுகள் கொட்டிக் கிடக்கும். முகப்புப் படத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். கடைசி ஒரு மணி நேரத்திலிருந்து தொடங்குங்கள், பிடித்தால் பின்னால் போங்கள். செயலி தானாக எடுத்துக் கொடுக்கும் என்று காத்திருந்தால் ரீமிக்ஸ்தான் வரும்.

பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க எங்கே போகலாம்?

திருநெல்வேலியில் அரசு இசைப் பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றில் மூன்றாண்டுப் படிப்பு. கட்டணம் பயப்படுகிற மாதிரி இருக்காது. வில்லும் மகுடமும் அங்கே கிடையாது. ஒரு செட்டோடு போய், முதலில் கட்டை தட்டி, அப்புறம் தாளம் போட்டுத்தான் வர வேண்டும். ஆராய்ச்சி நோக்கம் என்றால் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையத்தைக் கேளுங்கள்.

இவ்வளவு எழுதிவிட்டு அல்வா பற்றி ஒரு வார்த்தை இல்லையே?

சாயங்காலம் நெல்லையப்பர் கோயில் எதிரே வரிசையில் நில்லுங்கள். வாங்கியதும் கோயிலுக்குள் போனால் மாலைப் பூஜை நாதஸ்வரம் கேட்கலாம். அல்வாவுக்கு என் பங்கு அவ்வளவுதான்.

சரி, இந்த வெள்ளிக்கிழமை ஒரு கொடைக்குப் போகப்போகிறேன். எத்தனை மணிக்குப் போய் எப்படித் திரும்புவது?

ராத்திரி ஒன்பதுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். உட்கார ஒரு பழைய பேப்பர், கொசுவுக்கு ஏதாவது, பையில் தண்ணீர். பதினொன்று மணி வாக்கில் தூக்கம் கண்ணைச் சுற்றும், கோயில் ஓரத்தில் சுக்குக் காபி விற்பார்கள். சாமக்கொடை முடிந்து படைப்பு பிரிக்க விடியல் ஆகிவிடும். நகரத்துக்குள் என்றால் பைக் போதும். கிராமம் என்றால் விடியற்காலை முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று போகும்போதே டீக்கடையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிடா வெட்டு உள்ள கோயிலில் காலையில் சாப்பாடு போடாமல் அனுப்பமாட்டார்கள், “வேண்டாம்” என்று சொன்னால் வருத்தப்படுவார்கள். சனிக்கிழமைக்கு இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.